பொருள்: [அவசரம்] 720720 போன்ற எண்ணைத் தமிழில் எப்படி அழைப்பது?

ந.:
அனைவருக்கும் வணக்கம். இராமானுசன் பிறந்தநாளுக்குப் பள்ளியில் கணிதக் கண்காட்சி. பிளெக்ஸ் நாளை மதியம் அச்சுக்குப் போகிறது. 720720க்கு 240 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் அதுதான். இந்த வகை எண்களைப் பற்றித்தான் இராமானுசன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார். ‘ஹைலி காம்போசிட்’ என்பதற்கு ‘மிகுபகு எண்’ போட்டிருக்கிறேன். போகலாமா?

செ.:
அம்மா, 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணியும் உள்ள எண்ணைச் சொல்லும் ‘பகு எண்’ணே வினைத்தொகை. அதன் தலையில் ‘மிகு’வையும் ஏற்றினால் மிகுவது எது, பகுவது எது? தவிர, ‘மிகை எண்’ என்று வேறொன்று உண்டு (தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன்னைவிடப் பெரிதாக வரும் எண்), பிள்ளைகள் குழம்புவார்கள். 20 மிகை எண், ஆனால் நீங்கள் சொல்லும் வகையில் சேராது; 12க்கே 6 காரணி வந்துவிட்டது, 20க்கும் அதே 6தான். முந்தைய எண்களை விஞ்சுவதுதானே இங்கே செய்தி? ‘விஞ்செண்’ என்று வையுங்கள்.

இ.:
ரீச்சர், எங்கட இலங்கைப் புத்தகத்தில பகா எண்ணை முதன்மை எண், பகு எண்ணைச் சேர்த்தி எண் எண்டுதான் படிச்சனாங்கள். ‘பகு’ எண்டால் இஞ்ச பிள்ளையளுக்கு விளங்காது. ‘விஞ்செண்’ணில அந்தச் சிக்கல் இல்லை.

வே.:
> 240 காரணிகள்
‘காரணி’ வடசொல். ‘வகுனி’ என்க. பகு என்னும் வேரிலிருந்தே பகல், பகை, பங்கு, பகுதி எல்லாம் கிளைத்தன. இரவைப் பகுப்பதால் பகல். ‘பாகம்’ வடமொழி என்பாரும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். முதற்குறளின் பகவனும்...

ந.:
வே. ஐயா, பகவன் இருக்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘வகுனி’ என்றால் சகுனியா என்று கேட்கும்.

கு.:
பெயர் எதுவானாலும் பிளெக்ஸில் இதைப் போடுங்கள்: 720720 = 720 × 1001. 1001 என்பது 7 × 11 × 13. அதற்கு 8 காரணிகள். 720க்கு 30. இரண்டுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை, ஆகவே 30 × 8 = 240. எந்த மூன்று இலக்க எண்ணையும் இருமுறை அடுத்தடுத்து எழுதினால் 7, 11, 13ஆல் வகுபடும். பிள்ளைகளே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. இராமானுசன் அந்தக் கட்டுரையில் இந்த வகை எண்களுக்குத் தந்த பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23ஆல் வகுத்தால் 293318625600. இதுவும் அதே வகைதான், ஆனால் பட்டியலில் விடுபட்டுவிட்டது! இதைக் கண்காட்சியில் சொன்னால் கூட்டம் நிற்கும்.

செ.:
அருமை. ஆனாலும் விஞ்செண்.

ந.:
மணி பதினொன்று. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் ‘மிகுபகு எண்’ணுக்குத்தான் கை அதிகம், பாடநூலின் ‘பகு எண்’ணோடு ஒட்டி வருவதால். கீழே சிறிய எழுத்தில் ‘விஞ்செண் என்றும் சொல்லலாம்’. கு. சொன்ன கணக்கு நடுவில் பெரிதாக.

வே.:
‘காரணி’ நீங்காதவரை எனக்கு உடன்பாடில்லை. ‘பகை’ பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.