பகுப்பாய்வு இரசாயன ஆய்வுக் குழுக்களில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன வாரம் தேயிலையில் துவர்ப்புச் சுவை தரும் பொலிபீனோல் என்ற சேர்வைகளை அளப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோலின் சியோகால்டியு சோதனைப்பொருள் சேர்த்தால் நீல நிறம் வரும், அது ஒளியை உறிஞ்சும் அளவை 765 நனோமீற்றர் அலைநீளத்தில் அளப்பார்கள். பொலிபீனோல்களில் ஒரு வகையான கட்டெச்சின்களைத் தனித்தனியாகப் பிரிக்க எச்.பி.எல்.சி. என்ற பிரித்தளக்கும் கருவி வேண்டும் என்றேன். அப்போது கொழுந்து பறிக்கும் அம்மாவின் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இதையெல்லாம் செய்யிறவங்க யாரு? நம்ம மாதிரி ஆளுங்க இருக்காங்களா?"

தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதே தலவாக்கலையில்தான் இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பேராதனையோ யாழ்ப்பாணமோ வெளிநாடோ, இப்படியொரு குழுவில் இருக்கும் மலையகத்தார் உங்கள் பாதையைக் கொஞ்சம் எழுதுங்கள். உயர்தரத்தில் உயிரியலா கணிதமா? தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வுக்கூடக் குறிப்பு எழுத எப்படிப் பழகினீர்கள்? முக்கியமாக, குழுவில் உங்களோடு வேலை செய்பவர்கள் எந்தெந்தத் துறையிலிருந்து வந்தவர்கள்? கருவியைப் பராமரிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் எழுதுங்கள், அவர்கள் இல்லாமல் ஒரு அளவீடும் நடக்காது.

பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டேன். குரல் பதிவு அனுப்பினாலும் சரி. இந்தத் தவணை முடிவதற்குள் கிடைத்தால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.