மைனஸ் முப்பதில் ஸ்டார்ட் ஆகாத கார்: வின்னிபெக் அனுபவம்

கனடாவின் வின்னிபெக் குளிருக்குக் காரை எப்படித் தயார் செய்வது என்ற பேச்சில் பலரும் டயரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், எல்லாமே சரி. 7 டிகிரிக்குக் கீழே போனாலே ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். ஆனால் இந்த ஊரில் வண்டி கிளம்பினால்தானே டயருக்கு வேலை. அதனால் பேட்டரி, பிளாக் ஹீட்டர் (நிறுத்திய காரின் என்ஜினை வீட்டுக் கரன்டில் சூடாக வைக்கும் சாதனம்) பற்றி எழுதுகிறேன்.

போன ஜனவரியில் எங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் மதுரைத் தம்பி ஒருவர் விடிந்ததும் விடியாததுமாக வந்து கதவைத் தட்டினார். "அண்ணே, சாவியத் திருப்புனா டிக் டிக்னு சத்தம் மட்டுந்தான் வருது. ராத்திரி பூரா பிளக்ல போட்டுத்தாண்ணே வெச்சிருந்தேன்." படிக்க வந்த பிள்ளை, வாங்கியதோ பழைய கார். அன்றைக்குப் பரீட்சை வேறு.

காரின் முன்பக்க கிரில் வழியாகத் தொங்கும் ஹீட்டர் ஒயரைப் பிடித்துப் பார்த்தேன். குச்சி மாதிரி விறைத்து, பிளக்குக்குப் பக்கத்தில் மேலுறை வெடித்திருந்தது. அவுட்லெட்டிலிருந்து பிடுங்கி, மல்டிமீட்டரை பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களிலும் வைத்தேன். 400 வாட் ஹீட்டர் நன்றாக இருந்தால் 36 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும். இதில் எதுவுமே வரவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிளக்கில் போட்டிருந்தும் என்ஜின் இரவெல்லாம் ஜில்லென்றுதான் கிடந்திருக்கிறது.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று தம்பி ஜம்பர் கேபிளை எடுக்க ஓடினார். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: கேபிள் மாட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள். சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துப்போகும். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி மைனஸ் 40-ஐயும் தாங்கும். அடியோடு இறங்கியது மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கக்கூடும். அவருடையது பக்கவாட்டில் உப்பியே இருந்தது. தொடவே விடவில்லை. என் வண்டியில் கொண்டுபோய்க் கல்லூரியில் விட்டேன். சாயங்காலம் புது பேட்டரி போட்டோம்.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்குக் கார் விற்கிறவர்கள் ஹீட்டர் ஒயர் இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறார்கள். அது வேலை செய்கிறதா என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

அக்டோபரிலேயே மெக்கானிக்கிடம் பேட்டரிக்கு லோடு டெஸ்ட் (அதிக கரன்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) போடச் சொல்லுங்கள். வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது; குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டர் இன்னும் அதிக கரன்ட் கேட்கும். என்ஜினுக்குள் ஓடும் கூலன்டையும் சோதிக்கச் சொல்லுங்கள், கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தது மைனஸ் 37 வரை தாங்கும். முன் கண்ணாடி கழுவும் வாஷர் திரவம் மைனஸ் 40 என்று போட்டதாகவே வாங்குங்கள். ஹீட்டரை இரவு முழுக்க ஓட விட வேண்டியதில்லை. வெளியில் போடக்கூடிய டைமர் வாங்கி, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடும்படி வைத்தால் போதும், கரன்ட் பில்லும் குறையும்.

பல வண்டிகளுக்கு ஹீட்டர் ஒயர் மட்டும் தனியாகக் கிடைக்கும். முழு ஹீட்டரையும் மாற்றச் சொன்னால், முதலில் ஒயரைக் கழற்றிவிட்டு ஹீட்டரைத் தனியாக மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தம்பிக்கு ஒயர் மாற்றியதோடு வேலை முடிந்தது.