ஆர்சி 390க்கு காட்டன் ஏர் ஃபில்டர் போடலாமா, கம்பெனிக் காகித ஃபில்டரே போதுமா?

பதினேழு இன்ச்:

வணக்கம். என்னிடம் இருப்பது கேடிஎம் ஆர்சி 390 பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு மாதமாக எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றைத் தாண்டினால் வண்டி இழுக்கத் தயங்குகிறது. முன்பெல்லாம் ரெட்லைன் (எஞ்சினின் உச்சச் சுற்று) வரை ஒரே மூச்சில் ஏறும். கூட ஓட்டுகிறவர்கள் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள், மேல் சுற்றில் நன்றாக மூச்சு விடுமாம். ஒருவர் ஃபில்டர் உட்காரும் ஏர்பாக்ஸையே கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டச் சொல்கிறார். எதைச் செய்வது? பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மேப்பையும் மாற்ற வேண்டுமா? வண்டியில் வேறு எதிலும் கை வைக்கவில்லை. போன மாதம் நானே ஆயில் மாற்றினேன், செயின் இறுக்கினேன், அவ்வளவுதான்.

சத்தப்பிரியன்:

போடுங்க ப்ரோ. நான் நான்கு வருடமாகக் காட்டன் ஃபில்டரில்தான் ஓட்டுகிறேன். பவர் கூடியதா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஆனால் த்ராட்டிலை முழுக்கத் திருகும்போது டேங்குக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் வரும் பாருங்கள், அதற்காகவே போடலாம். கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

வால்வ் கிளியரன்ஸ்:

சத்தப்பிரியன் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த ஃபில்டரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். காது வேகமாகப் போகும், வண்டி அதே வேகத்தில்தான் போகும்.

இதை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் 600 சிசி நாலு சிலிண்டர் வண்டியை டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) ஏற்றியபோது, ஏர்பாக்ஸிலிருந்து எக்ஸாஸ்ட் பக்கம் காற்று போகும் சின்னக் குழாயைக் கழற்றி, அதன் மறுமுனையில் இருக்கும் வால்வை அடைத்தேன். பாக்ஸ் பக்கத்தில், அதாவது ஃபில்டருக்கு உட்புறம், ஒரு நீளமான கண்ணாடி டியூப் மாட்டினேன். டியூபை யு மாதிரி வளைத்துப் பாதி வரை கலர் தண்ணீர். எஞ்சின் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறதோ அவ்வளவு தண்ணீர் ஏறும். முழு த்ராட்டிலில், உச்சச் சுற்றில், புதுக் காகித ஃபில்டருடன் 14 செ.மீ. காட்டன் ஃபில்டருடன் 12. ஃபில்டரே இல்லாமல் ஒரே ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தேன், அப்போதும் 9.

கணக்கு சுலபம். 10 செ.மீ. தண்ணீர் என்பது காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம். காகிதத்திலிருந்து காட்டனுக்கு மாறியதில் மிச்சமானது 2 செ.மீ., அதாவது 0.2 சதவீதம். உங்கள் 43 குதிரைத்திறனில் அது பத்தில் ஒரு குதிரைகூட இல்லை. அந்த 9 செ.மீ. ஃபில்டரின் குற்றமே அல்ல, காற்று நுழையும் மூக்குக்குழாயின் இறுக்கம்.

ஆனால் அந்த 2 செ.மீ.க்கு விலை உண்டு. 373 சிசி எஞ்சின் 9000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,680 லிட்டர் காற்றை இழுக்கும், நொடிக்கு 28 லிட்டர். அத்தனையும் அந்தக் கையளவு மடிப்புக்குள்தான் நுழைந்து வர வேண்டும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத மணல் பொடி அங்கே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. நல்ல காட்டன் ஃபில்டர் தூசியைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அது பிடிப்பது துணியில் இருக்கும் எண்ணெயால். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே, கூடினால் எண்ணெய் உள்ளே.

நானே மாட்டிக்கொண்டேன். ஒருமுறை கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, அவசரத்தில் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடிந்திருந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்துத் திறந்து எஞ்சினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடி வாயில் வெள்ளைத் துணியை விட்டால், துணி காவி நிறத்தில் வருகிறது, எல்லாம் உள்ளே புகுந்த தூசி. அன்றிலிருந்து எந்த ஃபில்டரானாலும் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்துதான் மூடுவேன்.

கூம்பு ஃபில்டர் பேச்சே வேண்டாம். ஏர்பாக்ஸ் வெறும் டப்பா இல்லை. அதன் கொள்ளளவும் குழாய் நீளமும் காற்றின் அதிர்வுக்கு ஏற்ப அளந்து செய்தவை. அதை எடுத்தால் நடுச் சுற்று இழுவை காணாமல் போகும். மேலும் கூம்பு உறிஞ்சுவது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றை. 3 டிகிரி சூடு கூடினாலே காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் போய்விடும். 15 டிகிரி என்றால் நீங்களே கணக்குப் போடுங்கள். அதற்கு மேப்பும் கட்டாயம் மாற்ற வேண்டும். பாக்ஸுக்குள் உட்காரும் காட்டன் ஃபில்டருக்கு மட்டும் என்றால் மேப் தேவையில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். நேற்று வரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லை என்றால், முதலில் இருக்கிற ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றிய பிறகுதானே இந்தத் தயக்கம்? ஆயில் அளவை எப்படிப் பார்த்தீர்கள்?

பதினேழு இன்ச்:

அண்ணா, இப்போதுதான் திறந்தேன். ஃபில்டரின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பாக ஊறிக் கிடக்கிறது, தொட்டால் எஞ்சின் ஆயில். பாக்ஸின் அடியிலும் தேங்கியிருக்கிறது. ஆயில் ஊற்றியபோது சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி வழியாக மேல் கோடு வரும்வரை ஊற்றினேன். பிஸ்டன் ரிங் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இந்தக் காகிதத்தைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

வால்வ் கிளியரன்ஸ்:

பயப்படாதீர்கள் தம்பி. கண்ணாடி வலது பக்கம், சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்வது இடது பக்கம். ஆயிலும் இடது பக்கம் ஒதுங்கிவிடும், கண்ணாடியில் குறைவாகத் தெரியும். நீங்கள் கோடு வரும்வரை ஊற்றியிருக்கிறீர்கள், அதாவது கூடுதலாக. அதிகமான ஆயிலை உள்ளே சுழலும் பாகங்கள் அடித்துத் தெறிக்கவிடும். அது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஏர்பாக்ஸுக்கு வந்து காகிதத்தை அடைத்துவிட்டது.

எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே வரும்வரை வடியுங்கள். பாக்ஸையும் த்ராட்டில் பாடி வாயையும் துணியால் துடையுங்கள், பாக்ஸின் வடிகுழாய் மூடியையும் ஒருமுறை திறந்து காலி செய்யுங்கள். காகிதத்தைக் கழுவக் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, இழை பிரிந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். இதெல்லாம் செய்த பிறகும் பாக்ஸுக்கு ஆயில் வந்தால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசுவோம்.

பதினேழு இன்ச்:

ஒரு டீ கிளாஸ் அளவு வடித்தேன். கம்பெனிக் காகித ஃபில்டரே புதிது போட்டு, விளிம்பில் கிரீஸும் தடவினேன். இன்று காலை ரெட்லைன் வரை தடையில்லாமல் ஏறியது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாக்ஸைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

சத்தப்பிரியன்:

நல்லது ப்ரோ. இதைப் படித்துவிட்டு நானும் என் வண்டியில் வெள்ளைத் துணியை விட்டுப் பார்த்தேன். காவி இல்லை, ஆனால் வெள்ளையாகவும் இல்லை. கிரீஸ் வாங்கப் போகிறேன்.