39 வயதில் எடுத்த பைலட் மெடிக்கல் (உடல்தகுதிச் சான்றிதழ்) 2 வருடமா, 5 வருடமா?

அமெரிக்காவில் விமானம் ஓட்டும் நண்பர்கள் உதவ வேண்டும். டெக்சாஸில் நான் செஸ்னா 172 வாடகைக்கு எடுக்கும் கிளப், என் மெடிக்கல் காலாவதியாகிவிட்டது என்று 2025 ஜூனிலிருந்து விமானம் தர மறுக்கிறது.

விவரம் இதுதான். பிரைவேட் பைலட், அதற்குப் போதுமான தேர்டு கிளாஸ் மெடிக்கல். பரிசோதனை நடந்தது 2023 மே 12. எனக்கு 40 நிரம்பியது அதே மாதம் 30ஆம் தேதி. ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் (உடல்நலக் குறை உள்ளவர்களுக்குத் தனி அனுமதியாகத் தரும் மெடிக்கல்) எதுவும் இல்லை.

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி 61.23 பரிசோதனை நாளன்று இருக்கும் வயதைத்தான் பார்க்கிறது. அன்று 40 நிரம்பாதவருக்கு 60 மாதம், நிரம்பியவருக்கு 24 மாதம், அதுவும் முடியும் மாதத்தின் கடைசி நாள் வரை. நடுவில் 40 ஆனால் குறையும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அப்படிப் பார்த்தால் என் மெடிக்கல் 2028 மே 31 வரை செல்லுபடியாக வேண்டும். கிளப்பின் புக்கிங் மென்பொருளோ இன்றைய வயதை வைத்துக் கணக்குப் போடுகிறது.

விதியை அச்செடுத்துக் கொடுத்தேன், மேனேஜர் ஏற்கவில்லை. சான்றிதழில் பிறந்த தேதி, உயரம், எடை, கண் நிறம் வரை இருக்கிறது, முடியும் தேதி மட்டும் இல்லை! பரிசோதித்த டாக்டரிடம் கேட்டதற்கு, கிளப் விஷயத்தில் தலையிட முடியாது என்றுவிட்டார். சரி, மெடிக்கலுக்குப் பதிலான பேசிக்மெட் என்ற மாற்று வழிக்கு மாறுங்கள் என்கிறார்கள் கிளப்பில். செல்லுபடியாகும் மெடிக்கல் கையில் இருக்கும்போது வேறு டாக்டர், படிவம், ஆன்லைன் பாடம் என்று நான் ஏன் அலைய வேண்டும்?

இதே நிலையில் இருந்தவர்கள், கிளப்பை ஏற்கவைக்க எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள்?