முதியோர் இல்லத்தில் ஹேண்ட் ரப் செலவை அளந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தொற்றுத் தடுப்புக் கணக்கெடுப்பு செய்கிறோம். பக்கத்தில் நின்று கவனித்தால் பணியாளர்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கை சுத்தம் செய்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நம்ப முடியவில்லை. அதனால் ஆல்கஹால் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) எவ்வளவு செலவாகிறது என்று அளக்கிறோம்: செலவான லிட்டரை ‘தங்கியிருக்கும் ஆட்கள் × நாட்கள்’ தொகையால் வகுத்து 1000-ஆல் பெருக்கல். 40 பேர், 30 நாள், 6 லிட்டர் என்றால் 1000 ஆள்-நாளுக்கு 5 லிட்டர்.

சிக்கல் பாட்டிலில்தான். பார்க்க வரும் உறவினர்களும் அதையே அமுக்குகிறார்கள். ஜெல் காய்ந்து அடைத்த பம்ப் பாதி அளவுதான் தருகிறது. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்தால் கணக்கே புரளும். அதன் வித்துகளை (ஸ்போர்) ஆல்கஹால் கொல்லாது, சோப்பு போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அப்போது செலவு குறைந்தால் அலட்சியம் என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது வாசல் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காமல், படுக்கையருகே உள்ளதை மட்டும் வாரம் ஒருமுறை எடை போடுகிறோம். 80% எத்தனால் என்பதால் கிராமை 0.86-ஆல் வகுத்தால் மில்லி கிடைக்கும்.

பணியாளர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன பாட்டில்களை எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள்? இரவுப் பணிக்குத் தனிப் பதிவு வைத்தீர்களா? பயன்படுத்திய படிவம் இருந்தால் தயவுசெய்து இங்கே பகிருங்கள்.