‘பேட்ரன்’: புரவலரா, வாசகரா, இரவலரா?

பயிற்சியாளர், திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். கிளை நூலகப் பணியாளர்களுக்குக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளையும் இணையவழி நூற்பட்டியலையும் கற்றுத்தரும் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். நூலகத்தைப் பயன்படுத்துபவரைக் குறிக்கத் திரையில் ‘பேட்ரன்’ (patron) என்று வருமிடத்தில் தமிழில் என்ன போடுவது? அகராதியை நம்பி வரைவில் ‘புரவலர்’ என்று போட்டிருந்தார்கள். முன்னோட்ட வகுப்பில் ‘புரவலரைத் தேடுக’ என்ற பொத்தானைப் பார்த்த ஓர் அம்மா, எழுந்துபோய் அலமாரியிலிருந்து நன்கொடைப் பதிவேட்டை எடுத்து வந்துவிட்டார். நம் பொது நூலகங்களில் ஆயிரம் ரூபாய் கட்டியவர்தானே புரவலர்? அந்த அம்மாவை எப்படிக் குறை சொல்வது?

கிளை நூலகர், மதுரை:

இதற்கு ஏன் விவாதம்? ‘வாசகர்’ இருக்கிறதே. ஊருக்கு ஊர் வாசகர் வட்டம் நடத்துகிறோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டபோதும் வாசகரை மையமாக வைத்துத்தான் வெளியிட்டார். மவுஸைப் பிடிக்கவே தயங்கும் பணியாளருக்குச் சொல்லையும் சேர்த்துப் புதிதாகக் கற்பிக்காதீர்கள்.

கையேட்டில் வேறு ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். எங்கள் பட்டியலில் பழைய தமிழ்த் தலைப்புகள் பலவற்றை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ‘வாழ்க்கை’யில் வரும் ழகரத்துக்கு ஒருவர் ஒற்றை எழுத்துப் போட்டார், அடுத்தவர் இரண்டு போட்டார். வாசகர் தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. “புத்தகம் இல்லை” என்று அனுப்பிவிடுகிறோம். அது இரண்டாம் அடுக்கில் உட்கார்ந்திருக்கும்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

‘வாசகர்’ வடசொல். ஒரு நூலகக் கையேட்டிலாவது தமிழ் வாழட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புத்தகம் எடுத்துப் போவதை நாம் என்ன சொல்கிறோம்? இரவல். அப்படியானால் எடுத்துப் போகிறவர் இரவலர். புரவலரும் இரவலரும் சங்கப் பாட்டில் எதிரெதிரே நிற்பவர்கள். கொடுப்பவனுக்குரிய பெயரை வாங்குபவனுக்குச் சூட்டியது ஆங்கிலக்காரன் கூத்து, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘ஈயென இரத்தல் இழிந்தன்று’ என்று நண்பர்கள் சீறுவார்கள் என்று தெரியும். அடுத்த அடியையும் படியுங்கள். இல்லை என்று அனுப்புவது அதனினும் இழிந்தது. மதுரை அம்மையார் சொன்ன இரண்டாம் அடுக்குக்கும் அதில் விடை இருக்கிறது.

இன்னொன்று: ‘கோஹா’ என்ற பெயரே நம் ‘கொடை’யின் சிதைவாக இருக்க வேண்டும். கொ நீண்டு கோ ஆகும். டகரம் தேய்ந்து…

மென்பொருள் பொறியாளர், கோவை:

ஐயா, மன்னிக்கவும். கோஹா, நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரிகளின் சொல். 2000 தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா வட்டார நூலகங்களில் முதன்முதலாக இயங்கிய மென்பொருள் அது. பொருள் ‘கொடை’தான், ஆனால் ஒலி ஒத்துப்போவதெல்லாம் தற்செயல். டகரத்தைத் தேய்க்க வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன். திரையில் பேட்ரன் என்று காட்டும் அதே மென்பொருளின் தரவுத்தளத்தைத் திறந்தால், அந்த அட்டவணையின் பெயர் இன்றைக்கும் ‘பாரோயர்ஸ்’ (borrowers), அதாவது இரவல் வாங்குவோர். உள்ளே இருப்பவர் இரவலர்தான்!

அதற்காக உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நூலகப் பணியாளரே கணக்கில் நுழைவதும் பேட்ரன் பதிவின் வழியாகத்தான். ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாகப் பேட்ரனாக இருக்கலாம். உள்ளேயே படித்துவிட்டு வைத்த நூல்களைக் கணக்கில் ஏற்றுவதற்கென்று ஆளே இல்லாத ஒரு பேட்ரன் வகை உண்டு. அவர் வாசிப்பதுமில்லை, இரப்பதுமில்லை. ஆகவே ‘பயனர்’.

கிளை நூலகர், மதுரை:

பயனர் வேண்டாம் தம்பி. ‘பயனர் பெயர்’ என்று கேட்டால் எங்கள் பணியாளர் தன் பெயரைப் போடுவார், அது சரி. அடுத்த பெட்டியில் வந்தவரின் பெயரைப் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? ‘உறுப்பினர்’ என்றும் யாரும் சொல்லிவிடாதீர்கள். காலையில் செய்தித்தாள் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் உறுப்பினர் அட்டையே வாங்கியதில்லை.

நூலகர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கத்தில் ‘இரவல் வழங்கும் பகுதி’ என்று வாசலில் எழுதியே இருக்கிறது. அந்தச் சொல்லில் எவருக்கும் கூச்சமில்லை. ஆனால் எதிரே நிற்பவரை “வாருங்கள் இரவலரே” என்று எவரும் அழைத்ததில்லை. அட்டை உள்ளவர் அங்கத்தவர், இல்லாதவரும் வாசகர்.

கையேட்டில் ரெஃபரன்ஸ் பகுதியைக் ‘குறிப்புதவிப் பிரிவு’ என்று கண்டேன். நாங்கள் ‘உசாத்துணை’ என்கிறோம். உசாவுதற்குத் துணை! எத்தனை அழகான சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் ஏன் இதை எடுத்துக்கொள்ளக்கூடாது?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

உசாத்துணைக்குத் தனி இழை தொடங்குங்கள், இல்லையென்றால் கையேடு தையில்தான் வரும்.

தஞ்சை ஐயாவுக்கு ஒரு சொல்: வாசி என்பதை ‘வாய்’ என்பதிலிருந்தே கொண்டுவரலாம் என்போர் உண்டு. வாயில் வாசல் ஆனது, உயிர் பேச்சில் உசிர் ஆனது. யகரம் சகரமாவது நமக்குப் புதிதில்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

‘வாசி’யை அப்படியே ஒப்புக்கொண்டாலும் ‘அகர்’ எங்கிருந்து வந்தது? வேரில் தமிழ், வாலில் வடமொழி. தமிழ் வாலே வைப்பதென்றால் ‘வாசிப்பர்’ என்றல்லவா வர வேண்டும்? நாயனக்காரரும் வாசிக்கத்தானே செய்கிறார், அவர் எந்த வகை?

பயிற்சியாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. கணக்கில் நுழைபவர் ‘பயனர்’, எதிரே நிற்பவர் ‘வாசகர்’, ஆளில்லாத வகை ‘உள்ளகப் பயன்பாடு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆங்கில எழுத்துத் தலைப்புகளைத் தேடுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுவது, தலைப்பின் முதல் சில எழுத்துகளை மட்டும் தட்டி உடுக்குறி (*) போடுவது இரண்டும் அதில் உண்டு.

மென்பொருள் பொறியாளர், கோவை:

கோஹா மொழிபெயர்ப்புத் தளத்திலும் ‘வாசகர்’ என்றே மாற்றத் தொடங்கிவிட்டேன். அங்கே மாற்றுப் பரிந்துரை இடும் வசதி உண்டு ஐயா.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இட்டுவிட்டேன். தொடர் தொடராக இடுவேன். இந்த ‘உடுக்குறி’யை யார் முடிவு செய்தது? விண்மீன் குறி என்றால் பணியாளருக்குப் புரியாதா?