பேய் இல்லாத விளையாட்டில் பேயை வைத்தது யார்?

கடலோரத்தான் | இரவு 11.48

கணினிப் பேய் விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்க வரவில்லை. பேய் வரும் என்று அட்டையிலேயே போட்டு விற்கிறவன் நம்மை ஏமாற்றவில்லை. பயப்படக் காசு கொடுத்தோம், பயந்தோம், கணக்குச் சரி. கார் ஓட்டவும் காளான் பொறுக்கவும் போன இடத்தில் முதுகு சில்லிட்டுப் போகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

நேற்று வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் அக்காவின் மகன் என் பழைய கணினியில் ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் விளையாடிக்கொண்டிருந்தான். 2004இல் வந்தது, அவனைவிட மூத்தது. நகரத்தை விட்டு விலகி, பேக் ஓ பியோண்ட் என்ற காட்டுக்குள் போய்விட்டான். விளையாட்டிலும் இரவு, வீட்டிலும் இரவு. மரங்களுக்கு நடுவிலிருந்து நசுங்கிய கார் ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. எங்களைத் தாண்டிப் போய் ஒரு மரத்தில் முட்டி நின்றது. உள்ளே பார்த்தால் ஆளில்லை.

“மாமா, யார் ஓட்டினது?” என்று கேட்டான்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காட்டில் சிதைந்த கார்கள் தோன்றும் இடம் சரிவு. தோன்றிய நொடியிலேயே கார் உருளத் தொடங்கிவிடும். அவ்வளவுதான். இதை அவனுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே எழுந்து போய் மண்டபத்து விளக்கைப் போட்டேன்.

என் கட்சி இது: எவரும் திட்டமிடாமல் தானாக விளைந்த பயம்தான் பயம். செய்தவன் கொண்டுவந்து வைத்த பேய் வெறும் பொம்மை. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய இறுவட்டு | இரவு 12.05

மறுக்கிறேன். தம்பி, மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவனிடம் வந்து ‘எவரும் திட்டமிடவில்லை’ என்று சொல்லாதீர்கள். அந்தக் காரை நசுக்கியது யார்? ஆளில்லாத காட்டில் கொண்டுபோய் விட்டது யார்? கைபிரேக் போட மறந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விதியின் தலையில் கட்டுகிறீர்கள்.

நடுக்கம் என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். பிரின்ஸ் ஒஃப் பெர்சியா, 1989. நான் விளையாடியது தொண்ணூறுகளின் நடுவில், மாமா வேலை செய்த அலுவலகக் கணினியில், சனிக்கிழமைகளில். ஒரு மணித்தியாலத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். பாய்தல், தொங்குதல், வாள்வீச்சு, வேறொன்றும் இல்லை. நான்காம் கட்டத்தில் வெளிவாசலைத் திறந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். முன்பு வெறும் நடைவழியாக இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. சுற்றிப் போக வழியில்லை. ஓடிவந்து பாய்ந்தால்தான் உண்டு. பாய்ந்தேன். நான் இந்தப் பக்கம் விழுந்தேன். என்னைப் போலவே ஒருவன் மறுபக்கம் குதித்து ஓடிப் போனான். என் உயிரில் மிஞ்சியது ஒரு புள்ளி.

அத்தோடு போனானா? ஐந்தாம் கட்டத்தில் நான் குடிக்கப் போன மருந்தை எனக்கு முன்னால் வந்து குடித்தான். ஆறாம் கட்டத்தில் நான் பாயும் நேரம் பார்த்துக் கதவை மூடினான். கிடுகிடு பள்ளத்தில் விழுந்தேன். பன்னிரண்டாம் கட்டத்தில் வாளோடு எதிரே நின்றான். அவனை வெட்டினால் என் உயிர் குறைகிறது! மூன்று சனிக்கிழமை முட்டிமோதினேன். கடைசியில்தான் விளங்கியது: வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கிப் போக வேண்டும். இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

இது தானாக விளைந்ததா? ஒருவர் இருந்து யோசித்து, எட்டுக் கட்டங்களுக்கு நீட்டி நெய்த பயம் இது. உங்கள் காட்டுக் கார் இதன் கால்தூசிக்கு வராது.

கடலோரத்தான் | இரவு 12.21

அண்ணா, நல்ல இடத்தில்தான் கால் வைத்தீர்கள். அந்த நிழல் மனிதன் எப்படிப் பிறந்தான் என்று தெரியுமா? செய்தவர் ஜோர்டன் மெக்னர். ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். தன் தம்பியை ஓடவிட்டுப் பாயவிட்டுப் படம் பிடித்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அந்த அசைவுகளே நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரி என்று இன்னோர் உருவத்தை வைக்க இடமே மிஞ்சவில்லை. பிறகுதான் இந்த உபாயம்: இளவரசனின் அதே படத்தை ஒரு பிட், அதாவது ஒரு புள்ளியளவு, தள்ளி அதன்மேலேயே பொருத்தினால், வெளிறி மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. அதுவே உங்கள் நிழல். இடப் பஞ்சத்தில் பிறந்த பிள்ளை. நீங்கள் அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து ‘திட்டம்’ என்று பெயர் வைக்கிறீர்கள்.

மெய்யாகவே திட்டமிட்டு வைத்த பேய் எப்படியிருக்கும் என்றால், ஜிடிஏ 5இல் கோர்டோ மலைப் பெண் மாதிரி இருக்கும். விளையாட்டு நேரம் இரவு 11 முதல் 12 வரை பாறை மேல் நிற்பாள், கிட்டப் போனால் மறைவாள், பாறையில் இரத்தத்தில் ஒரு பெயர். மறுநாளும் அதே 11 மணி. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் இப்படி நேரம் தவறாமல் வந்தால் நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவோம். பயப்படுவதற்கு என்ன இருக்கிறது?

பழைய இறுவட்டு | இரவு 12.34

வீட்டில் தேங்காய் இல்லாத நாளில் அம்மா இருந்ததை வைத்துக் கறி ஆக்கினார். அது தற்செயலா, கைப்பக்குவமா? இடம் போதாமை உருவத்தைத்தான் கொடுத்தது. கண்ணாடியைப் போகும்போது வைக்காமல் வரும்போது வைத்தது போதாமை இல்லை. வாளை உறையில் போடு என்பதும் போதாமை இல்லை.

கோர்டோ பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அது மோசமான கறி.

கொட்டாஞ்சேனைக் கணக்கன் | இரவு 12.40

இரண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லையா? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில், வியர்த்து வழிய, நுளம்பு கடிக்க, மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு இருந்த ஊர் இது. பொம்மைக் காருக்கு விளக்குப் போடுகிறார்களாம்.

நடுச்சாம நிலா | இரவு 12.52

கணக்கன் அண்ணா, மின்வெட்டைச் சொன்னீர்களே, என் கதையும் அந்த நாள்களில்தான் நடந்தது. மின்கலத்தில் மிச்சம் இருந்த உயிரோடு மடிக்கணினியில் மைன்கிராஃப்ட். கட்டையால் வீடு கட்டி ஆடு வளர்க்கிற விளையாட்டு, இதைவிடச் சாதுவானது எது? நிலக்கரி தேடிக் குகைக்குள் இறங்கியிருந்தேன். காதில் ஒலிவாங்கி, சீ, ஹெட்போன். தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது.

எங்கள் வீடு தெஹிவளையில் கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும், அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். அன்று எதுவும் அதிரவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு யன்னலைத் திறந்தேன். ஊர் முழுக்க இருட்டு. கீழே தண்டவாளம் இருக்கும் இடம்கூடத் தெரியவில்லை. கடல் மட்டும் இரைந்தது. திரும்பவும் காதில் மாட்டினேன். விளையாட்டுக்குள் ஒன்றுமே நடக்காததுபோல மௌனம்.

அது குகைச் சத்தம். இருண்ட இடம் பக்கத்தில் இருந்தால் விளையாட்டே இடைக்கிடை எழுப்பும். பின்னால் எதுவும் வராது. ஆக வைத்தது அவர்கள்தான், கடலோரத்தான் அண்ணா தோற்றார். ஆனால் என் வீட்டு ரயிலை அவர்களுக்குத் தெரியாது. எனவே இறுவட்டு அண்ணாவும் வெல்லவில்லை. வைத்தது யார் என்பதைவிட, அது எந்த வீட்டில் போய் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

அதே விளையாட்டில் 11 என்று ஓர் உடைந்த இசைத்தட்டு கிடைக்கும். போட்டால் பாட்டு இல்லை. யாரோ நடக்கிறார், இருமுகிறார், மூச்சு வாங்க ஓடுகிறார், சட்டென்று அறுந்துவிடுகிறது. 71 நொடி. அதை ஒரே ஒரு தடவைதான் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

மேசைக்கடியில் | இரவு 12.58

டூம் ரைடர் 2, 1997. நாயகி லாராவின் மாளிகையில் தேநீர்த் தட்டோடு ஒரு முதிய பணியாளர். நாம் போகும் இடமெல்லாம் தட்டுக் கடகடக்கப் பின்னாலேயே வருவார். ஒரு தீங்கும் செய்ய மாட்டார். நான் அவரைச் சமையலறைக் குளிர் அறையில் பூட்டிவிட்டுத்தான் பயிற்சி செய்வேன். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதையேதான் செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது பெரிய ஆறுதல்.

கடலோரத்தான் | இரவு 1.03

இதோ எனக்குச் சாட்சி! ‘ஆளின் பின்னால் போ’ என்ற ஒரு கட்டளை. பயமுறுத்து என்று எவரும் எழுதவில்லை.

பழைய இறுவட்டு | இரவு 1.05

தட்டுக் கடகடக்க ஒலி சேர்த்தவர் யார், உங்கள் மருமகனா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன் | இரவு 1.19

சரி, நித்திரை வரவில்லை. சொல்லிவிடுகிறேன், பகிடி பண்ணக் கூடாது.

புறக்கோட்டையில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம். அதில் 1985ஆம் ஆண்டு மாரியோ. அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: 1-2, அதாவது முதலாம் உலகத்தின் இரண்டாம் கட்டம், அதன் கடைசியில் குழாய்க்கு மேலே சுவரோரமாக ஒரு விதமாகப் பாய்ந்தால் சுவருக்குள்ளேயே போகலாம். நூறு தடவை பாய்ந்திருப்பான். ஒரு நாள் மாரியோ செங்கல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. குழாயில் இறங்கினோம். திரையில் உலகம் என்ற இடத்தில் இலக்கமில்லை, வெறும் -1.

உள்ளே கடல். தண்ணீருக்குள் எப்போதும் வரும் அதே தாலாட்டு மெட்டு. நீந்தி நீந்திக் கடைசிக் குழாய்க்குப் போனோம். உள்ளே போனால் திரும்ப அதே கடலின் தொடக்கம். திரும்ப நீந்தினோம். திரும்பவும் தொடக்கம். “அண்ணா, இது முடியாதா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் நீந்திக்கொண்டே இருந்தான். உயிரெல்லாம் முடியும்வரை வெளியே வழியில்லை. நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டேன். அண்ணன் அடித்தான். அன்றிரவு அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தேன்.

பழைய இறுவட்டு | இரவு 1.31

கணக்கன், இதற்கு முன்னால் நான் வாயைத் திறக்க முடியாது. அந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று நிரல் தவறான இலக்கத்தை எடுக்கிறது: 36ஆம் உலகம். விளையாட்டின் எழுத்து வரிசையில் 36க்கு உரியது வெற்றிடம், எனவே முன்னால் ஒன்றுமில்லாமல் -1 மட்டும் தெரிகிறது. அப்படியொரு கடலை உட்கார்ந்து வடிவமைத்தவர் எவரும் இல்லை. இந்த ஒன்றைக் கடலோரத்தானுக்கு விட்டுக்கொடுக்கிறேன். நிழல் மனிதனை விடமாட்டேன்.

நடுச்சாம நிலா | இரவு 1.36

எவரும் வைக்காதது, விளையாட்டிலேயே இல்லாதது ஒன்றும் இருக்கிறதே. மைன்கிராஃப்டில் வெள்ளைக் கண்ணோடு தூரத்தில் நின்று பார்ப்பதாகச் சொல்லும் ஹீரோபிரைன். 2010இல் கிளம்பிய வதந்தி. நிறுவனம் மறுத்துப் பார்த்தது. பிறகு பல புதுப் பதிப்புகளின் மாற்றப் பட்டியலில் ‘ஹீரோபிரைன் நீக்கப்பட்டார்’ என்று பகிடிக்கு எழுதத் தொடங்கியது. இல்லாத ஆளைத் திரும்பத் திரும்ப நீக்கினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? போன தடவை நீக்கியது சரிவரவில்லை என்றுதானே.

பழைய இறுவட்டு | இரவு 1.40

அந்தப் பகிடியைப் பட்டியலில் எழுதியவர் எங்கள் கட்சி. படுக்கப் போகிறேன்.

கடலோரத்தான் | மறுநாள் மாலை 6.10

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொடியன் நேரே அந்தக் காட்டுக்குப் போய்விட்டான். சரிவின் கீழே நின்று காத்திருந்தான். கார் உருண்டு வந்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்து ஏறிவிட்டான்.

பழைய இறுவட்டு | மாலை 6.14

ஓடியதா?

கடலோரத்தான் | மாலை 6.15

ஓடியது. புகைதான் கொஞ்சம்.